வெள்ளைத் துணிக்குள் மாமா

“மாமா, இப்பவும் கை தெரியுது!”

தலையோடு காலாக வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் மாமனார். அவர் மடியில், விரிப்புக்கு வெளியே, கைக்குழந்தையான பேத்தி. பாஸ்போர்ட் படத்தில் குழந்தையைத் தவிர வேறு யாரும் தெரியக் கூடாது. பின்னால் வெள்ளை மட்டும்தான் இருக்க வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், சிரிக்கவும் கூடாது.

ஸ்டூடியோவில் ஃப்ளாஷ் வெளிச்சத்தைப் பார்த்ததும் அவள் போட்ட கூச்சலில், ஸ்டூடியோக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். அதிலிருந்து ஞாயிறுதோறும் வீட்டிலேயே இந்தக் கூத்து.

“கையை உள்ளே இழுத்துட்டேன்மா. எடு,” என்றது விரிப்பு.

மருமகள் செல்போனில் இன்னொரு படம் எடுத்தாள். பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

“ம்ஹூம், அசைஞ்சிட்டீங்க. இன்னிக்கு இது போதும் மாமா.”

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாடி வீட்டு அக்கா, அவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

“உனக்குச் சூதுவாதே தெரியலடி. மனுஷன் வேணும்னேதான் கெடுக்கறாரு.”

“சேச்சே, அப்படியெல்லாம் இல்லக்கா.”

“என்ன சேச்சே? வாட்ச் ரிப்பேர் பண்ற கை அது. முடி மாதிரி இருக்கற முள்ளை அசையாமப் பிடிச்சு மாட்டறவருக்கு, குழந்தையைப் பிடிக்க மட்டும் கை அசையுதாக்கும்! உன் பாஸ்போர்ட் வந்தாச்சு. இவளோடதும் வந்தா ரெண்டு பேரும் உன் புருஷன்கிட்ட பறந்துடுவீங்க. அப்புறம் பேத்தியை எங்கே போய்க் கொஞ்சுவாரு?”

மருமகள் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

அப்போது பார்த்து வெளிநாட்டிலிருந்து அவள் கணவன் வீடியோவில் கூப்பிட்டான். இவள் கை ஈரம். அக்காவே போனை எடுத்தாள். சும்மா எடுப்பாளா? இரண்டு வார்த்தை ஜாடைமாடையாகப் போட்டுவிட்டு, கூடத்துக்கு வந்து போனை மாமனார் பக்கம் திருப்பினாள். அவன் எகிறினான்.

“அப்பா, மாசக் கடைசிக்குள்ள பேப்பர் வரலைன்னா கம்பெனி குடுக்கற வீட்டை வேற ஒருத்தனுக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க. அப்புறம் எத்தனை வருஷம் ஆகுமோ! என் பொண்ணை நான் இன்னும் கையில தூக்கினதுகூட இல்ல. உங்களுக்கு ஏம்ப்பா இவ்வளவு சுயநலம்?”

மாமனார் விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னார்.

“கோவிச்சுக்காதடா. வயசாச்சில்ல, கை நடுங்குது. அடுத்த வாரம் சரியாப் பிடிச்சுக்கறேன்.”

மருமகள் குழாயை மூடினாள். ஈரக் கையோடு ஓடி வந்து போனைப் பிடுங்கினாள்.

“மாமாவை ஒண்ணும் சொல்லாதீங்க. அவர் கல்லு மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். எல்லாப் படமும் நல்லாத்தான் வந்துச்சு. நான்தான் அழிச்சேன்.”

“என்னது! ஏன்?”

“அத்தை போனப்புறம் பேச்சே இல்லாமக் கிடந்தவர், இவ பொறந்தப்புறம்தான் வாயைத் திறந்தார். அவரை ஒத்தையில விட்டுட்டு எப்படிங்க வர்றது? ஏதாவது சாக்கு சொல்லணுமேன்னு கை தெரியுதுன்னேன். பழி அவர் மேலயே விழும்னு நினைக்கல.”

மாடி வீட்டு அக்காவுக்குத் திடீரென்று அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்த ஞாபகம் வந்தது.

“எனக்குத் தெரியும்மா,” என்றார் மாமனார். “போன வாரம் பாப்பாவுக்குப் போன்ல விளையாட்டுக் காட்டறப்போ, ஏதோ குப்பைத்தொட்டிப் படத்துல விரல் பட்டு, நீ அழிச்ச படமெல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. ஒவ்வொண்ணும் அவ்வளவு அம்சமா இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் மாமா பேசாமத் திட்டு வாங்கினீங்க?”

“சொல்லியிருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பியே. கெட்ட பேர்தானே, வந்தா வரட்டும், இன்னொரு வாரம் கொஞ்சிக்கலாம்னு இருந்துட்டேன். அவன் சுயநலம்னு சொன்னதுல தப்பு இல்லம்மா. போதும், அனுப்பிடு. அவன் பொண்ணை அவன் தூக்கட்டும்.”

போனில் மகன் தொண்டையைச் செருமினான்.

“பாப்பா படத்தை இப்பவே அனுப்பு. அப்புறம் அந்தத் துணியை எடுத்துச் சுவர்ல மாட்டு. அப்பா, நீங்க அதுக்கு முன்னால உட்காருங்க. இங்க குடுக்கற வீட்டுல உங்களுக்கும் ஒரு ரூம் இருக்கு.”

மருமகள் துணியை மாட்டினாள். மாமனாரின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். ஒன்றன் பின் ஒன்றாக எடுத்துக்கொண்டே இருந்தாள்.

இந்த முறை ஒரு படம்கூட நிஜமாகவே தேறவில்லை. சிரிக்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியும் மாமனாரால் முடியவில்லை.