தூசியோடு ஒரு கார்

மருதாயி காரைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கலைச்செல்வன் பைக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். பின்னால் உட்கார்ந்து வந்த கோகுலகிருஷ்ணன் கீழே விழாமல் தப்பியது அவர் செய்த புண்ணியம். சென்னையிலிருந்து வந்தவர் அவர். அபூர்வமான பழைய கார்களை ஏலம் விடும் கம்பெனியின் ஆள்.

"யம்மா! என்ன காரியம் பண்ற? நிறுத்து!"

மருதாயி நிமிரவில்லை. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி முன் கண்ணாடியில் விட்டாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய் ஒன்பது வருடமாகப் படிந்த தூசி வெள்ளைச் சேறாக வழிந்து கொட்டகைத் தரையில் ஓடியது.

அந்தத் தூசிக்குத்தான் விலை.

இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் பதுங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். உலகத்தில் மொத்தமே நூற்றுச் சொச்சம்தான் செய்தார்களாம். சுரங்க வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது, தன் டிரைவர் பூமாலைக்குப் பேர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. பூமாலை அதைப் பெற்ற பிள்ளைக்கு ஒரு படி மேலாக வைத்திருந்தார். பெற்ற பிள்ளையான கலைச்செல்வனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

போன மாதம் முதல்முறை வந்தபோது கோகுலகிருஷ்ணன் காரைத் தொடவே இல்லை. தள்ளி நின்று, கும்பிடாத குறையாகப் பார்த்தார்.

"ஒரு துணி படக்கூடாது சார். கடைசியா ஓட்டினவர் நிறுத்தின மாதிரியே இருக்கு பாருங்க, அதுக்குத்தான் போட்டி போடுவாங்க. கழுவினா பாதி விலை போயிடும்."

கலைச்செல்வனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஊரில் மாட்டைக்கூடக் குளிப்பாட்டித்தான் சந்தைக்கு ஓட்டுவார்கள். ஆனால் அவர் சொன்ன தொகைக்குத் திருமானூரில் மூன்று ஏக்கர் வாங்கலாம் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். சொந்தமாக ஒரு வரப்பில் நடக்க வேண்டும் என்று அவனுக்கு வெறியே இருந்தது.

வீட்டில் எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொன்னான். அம்மாவை அவன் எச்சரிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வருடமாக அந்தக் காரில் துணி படவிடாதவளே அவள்தான். ஓர் ஆயுத பூஜைக்கு அவன் வாளியும் துணியுமாகப் போனபோது, வாளியைப் பிடுங்கி எருக்குழியில் கொட்டினாள். காரின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் என்று அவன் நினைத்துக்கொண்டான். நியாயம்தானே. அந்தக் காருக்கு ஏதோ சாமான் வாங்கத்தான் பூமாலை திருச்சிக்கு பஸ் ஏறினார். போனவர் போனவர்தான். போலீஸ், ஆஸ்பத்திரி, கோயில் வாசல் என்று தேடாத இடம் பாக்கியில்லை.

அப்படிப்பட்டவள் இன்றைக்குக் கழுவுகிறாள். அதுவும் ஏலக்காரர் வரும் நாளாகப் பார்த்து.

கோகுலகிருஷ்ணன் கேமரா பையைத் திறக்கவே இல்லை. ஆபீஸில் பேசிவிட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும் என்று முனகியபடி, போனோடு ரோட்டுப் பக்கம் போனார்.

கலைச்செல்வனுக்கு அழுகை முட்டியது. மூன்று ஏக்கரில் ஒன்றரை ஏக்கர் கண்ணெதிரே கரைந்து ஓடுகிறது. ஏன் என்றுதான் பிடிபடவில்லை. நேற்று வக்கீல் ஆபீஸில்கூட அம்மா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லையே! கார் இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது. அதை விற்க வேண்டுமானால், காணாமல் போய் ஏழு வருடம் தாண்டியவரை இறந்தவராகக் கருதும்படி கோர்ட்டில் மனுப் போட வேண்டும். வக்கீல் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேசாமல் வந்து பஸ்ஸில் உட்கார்ந்தவள் அவள். விற்கப் பிடிக்கவில்லை என்றால் அங்கேயே சொல்லியிருக்கலாம்.

"கழுவக்கூடாதுன்னு தெரியுமில்லம்மா?" என்றான்.

மருதாயி குடத்தை இறக்கி வைத்தாள். அவள் முகத்தில் கோபம் ஏதும் இல்லை. இவ்வளவு பெரியவனுக்கு இதுகூடவா தெரியாது என்பதுபோல மகனைப் பார்த்தாள்.

"ஊருக்குப் போனவரு போயிச் சேந்துட்டேன்னு ஒரு சேதி வராம, அவரு கெளம்புன எடத்த எப்புடிடா கழுவி வுடறது? இந்த வண்டிகிட்ட நின்னுதான் வரேன்னு சொல்லிட்டுப் போனாரு. அதான் இத்தனை வருசமா தண்ணி படாம வச்சிருந்தேன். நேத்து நீதான் அவரு செத்துட்டாருன்னு கையெழுத்து வாங்கிட்ட. பொணத்த எடுத்தா கழுவி வுடணுமில்ல?"

ரோட்டிலிருந்து கோகுலகிருஷ்ணன் கையை ஆட்டி அவனைக் கூப்பிட்டார். விலையைப் பற்றித்தான் இருக்கும். கலைச்செல்வன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மருதாயி இன்னொரு குடத்தைத் தூக்கி மகன் அருகே வந்தாள்.

"குனி" என்றாள்.

ஏலக்காரருக்காகப் போட்டிருந்த புதுச் சட்டையோடு அவன் குனிந்தான்.