சுவர்ப்படத்தில் ஒருத்தி

“இதென்னங்க, குடும்பப் பொம்பளையைப் போய் வரைஞ்சிருக்கீங்க?” என்றார் ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுத் தலைவி.

ஓவியர் டாக்டரம்மாவைப் பார்த்தார். கருக்கலைப்புக்குப் பயப்படாமல் ஆஸ்பத்திரிக்கே வாருங்கள் என்று சொல்லும் சுவர்ப்படம் அது. இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி, மூக்குக் கண்ணாடி போட்ட, நாற்பதை நெருங்கும் ஒரு பெண் அதில் நின்றாள்.

“எங்கிட்ட வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் புள்ள பெத்தவங்கதாங்க,” என்றார் டாக்டரம்மா. “நம்மள மாதிரி ஆளுங்களும் வர்றாங்கன்னு தெரிஞ்சாதான் தைரியம் வரும். போன மாசம் ஒரு அம்மா, வெளிய தெரிஞ்சா வெட்கக்கேடுன்னு கண்ட மாத்திரையை முழுங்கி உயிரையே விட்டுட்டாங்க.”

“அதுக்காக? காலேஜ் பொண்ணு ஒண்ணைப் போடுங்க. அதுங்கதானே ஆட்டம் போடுதுங்க. முதல்ல அந்தக் கண்ணாடியைக் கழட்டுங்க,” என்ற தலைவி, தன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“காதோரம் நரை எதுக்கு?” என்றார் செயலாளரம்மா. அவர் கை தன் காதோரத்துக்குப் போய்வந்தது.

நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்த பொருளாளரம்மா செருமினார். “உடம்பையும் கொஞ்சம் இளைக்க வைங்க.”

ஓவியர் அங்கேயே உட்கார்ந்து வேறு படம் போட்டார். கிழிந்த ஜீன்ஸோடு ஒரு சின்னப்பெண் தலைகுனிந்து நின்றாள். மூவருக்கும் பரம திருப்தி. டாக்டரம்மா மட்டும் எழுந்து போனார்.

முதல் படத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த ஓவியர், மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

“யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. அவங்களாவே மாட்டிக்கிட்டாங்க. ஆளுக்கு ஆள் தன்னோட அடையாளத்தை அழிக்கச் சொல்றாங்க. என்னா வேஷம் பாரு.”

மனைவி படத்தை விரித்துப் பார்த்தாள்.

“இது நான்தானே?”

“பின்னே? உன்னைத்தானே உக்கார வச்சு வரைஞ்சேன். மூணாவது வேணாம்னு நாமளும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவங்கதானே. இதுல மறைக்க என்ன இருக்கு?”

“அதுவும் சரிதான். கண்ணாடி, நரை, தொப்பை ஒண்ணு விடாம போட்டிருக்கீங்க.”

அவள் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

“எந்தக் கூட்டத்துலயும் என்னைக் காட்டிக்கொடுக்கிற இந்தப் பெரிய மச்சத்தை மட்டும் யாருங்க எடுக்கச் சொன்னது?”