குறுக்குக் குச்சி

எங்கே ஆரம்பித்தாலும் தப்பாகத்தான் வரும் போலிருந்தது. தலைமையாசிரியை அறைக்கு வெளியே நின்றபடி ஆயாம்மா மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மூன்று தடவையும் வேறு வேறு மாதிரி வந்தது. ஐந்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள். பெரியவர்கள் முன்னால் வாயைத் திறந்தால் முதலில் சொல்ல வேண்டியது கடைசியிலும், சொல்லவே கூடாதது முதலிலும் வந்து விழும்.

நடந்தது இதுதான்.

வாரம் ஒருநாள் ஒரு என்ஜினியர் தம்பி வந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாலம் கட்டச் சொல்லிக் கொடுப்பார். ஒரு குழுவுக்கு நூறு ஐஸ் குச்சி, ஒரு டப்பா பசை. முதலில் படம் வரைய வேண்டும். வரைந்ததைத்தான் கட்ட வேண்டும். வெளியிலிருந்து எதையும் சேர்க்கக் கூடாது. எந்தப் பாலம் அதிக எடை தாங்குகிறதோ, அந்தக் குழு அடுத்த வாரம் வேறு பள்ளிகளோடு போட்டிக்குப் போகும்.

அந்த அறையைப் பெருக்குவது ஆயாம்மா. மேசை மேல் இருப்பதைத் தொடக் கூடாது என்பது தலைமையாசிரியை மேடத்தின் கண்டிப்பு. இவளுக்கு முன்னால் இருந்தவளுக்கு ஒரு அட்டை வீட்டைத் தட்டிவிட்டதில்தான் வேலை போனது.

நேற்றுச் சாயங்காலம் துடைப்பத்தின் பின்பக்கம் ஒரு பாலத்தில் இடித்துவிட்டது. இரண்டு குச்சி பெயர்ந்து வந்தது. ஆயாம்மா அவசரமாக மேசையிலிருந்த டப்பாவைத் திறந்தாள். பசை போட்டு ஒட்டினாள். நின்றது, ஆனால் குடித்தவன் மாதிரி சாய்ந்து நின்றது. வீட்டுக் கதவு தொங்கியபோது புருஷன் மூலைக்கு மூலை ஒரு கட்டையைக் குறுக்கே அடித்தது ஞாபகம் வந்தது. துடைப்பத்திலிருந்து இரண்டு குச்சியை உருவி, பக்கத்துக்கு ஒன்றாகக் குறுக்கே ஒட்டினாள். ஆட்டம் நின்றது. விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

இன்று காலை எடை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு மேசைக்கு நடுவே பாலம், அதில் தொங்கும் வாளி, வாளியில் டம்ளர் டம்ளராக மணல். முதல் பாலம் ஏழு டம்ளரில் முறிந்தது. அடுத்தது ஒன்பதில். ஆயாம்மா இடித்த பாலம் பத்தொன்பதுக்கும் அசையவில்லை.

அது மூன்று பெண்கள் கட்டியது. நெட்டையாக இருப்பவளை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்பார்கள். இன்னொருத்தி சோடாபுட்டி. மூன்றாவது வாலு, சும்மா வந்த பெயரில்லை.

என்ஜினியர் குனிந்து பார்த்தார். இந்தக் குறுக்குக் குச்சி படத்திலும் இல்லை, கொடுத்த பெட்டியிலும் இல்லையே என்றார்.

"நாங்கதான் சார் வெச்சோம். வெளியில கிடந்துச்சு," என்றாள் ஒட்டடைக்குச்சி.

"சரி. ஏன் குறுக்கா வெச்சீங்க?"

மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

வாசலைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இதென்ன பச்சைப் பொய்? எங்களுக்குத் தெரியாது என்றால் முடிந்தது. போட்டி என்றதும் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஆசையா?

மேடம் வந்தார். யாரோ பெரியவர்கள் கை வைத்திருக்கிறார்கள், பெயரைச் சொன்னால் மன்னித்துவிடுகிறேன், புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்றார். சொல்லாவிட்டால் போட்டி கிடையாது. ஒரு மணி நேரம் கேட்டுப் பார்த்தார். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒன்பது டம்ளர்க் குழுவின் பெயர் பலகையில் ஏறியது.

ஆயாம்மா அதற்குள் துடைப்பத்தை மோட்டார் அறையில் ஒளித்துவிட்டு வந்திருந்தாள். பொய் சொன்ன பிள்ளைகளுக்குக் கிடைத்தது சரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் குழாயடியில் வாலு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ஆயாம்மா, துடைப்பத்தை மோட்டார் ரூமுக்குக் கொண்டு போனீங்களே, ஜன்னல்ல பார்த்தேன். அங்க மேடம் வருவாங்க. மொட்டை மாடிக்குக் கொண்டு போயிடுங்க."

ஆயாம்மா வாளியைக் கீழே வைத்தாள். "உனக்கு எப்படிடி தெரியும்?"

"காலையில வந்ததுமே தெரியும். அந்தக் குச்சியில பினாயில் வாசனை. ஸ்கூல்லயே அந்த வாசனை உங்க துடைப்பத்துக்குத்தான். உங்க பேரைச் சொன்னா முன்ன இருந்த ஆயாம்மா மாதிரி உங்களையும் அனுப்பிடுவாங்க. அதான் மூணு பேரும் பேசி வெச்சுக்கிட்டோம்."

"அப்போ உங்க போட்டி?"

"அது போகட்டும். குறுக்கா வெச்சா ஏன் ஆடாம நிக்குது? அதை மட்டும் சொல்லுங்க, அது தெரியாமத்தான் மாட்டிக்கிட்டோம்."

பதில் சொல்வதற்குள் மணி அடித்தது. வாலு ஓடிப்போன பிறகும் குழாய் திறந்தே கிடந்தது.

இப்போது மேடத்தின் கதவுக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே என்ஜினியரின் குரலும் கேட்கிறது. நாலாவது தடவை சொல்லிப் பார்த்தாள். இந்தத் தடவை கதவுக் கட்டையில் ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டது.

வாயை நம்பினால் ஆபத்து என்று, மொட்டை மாடிக்குப் போக வேண்டிய துடைப்பத்தைக் கையோடு எடுத்து வந்திருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு போய், மேடம் நிமிர்வதற்குள் அதை மேசையின் நட்டநடுவில் வைத்தாள்.