நூற்றுக்கு மூன்று

அறுவை சிகிச்சை அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. அதன் வெளிச்சம் கழுவிய தரையில் நீளமாகக் கிடக்கிறது. கணக்கு வாத்தியார் மனைவியின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "நூத்துக்கு மூணு பேர்தான் பொழைப்பாங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போயிருக்கிறார். "மூணுன்னா எவ்வளவு மாமா?" என்கிறான் மனைவியின் தம்பி. வாத்தியாருக்கு இங்கேயும் வகுப்பறைப் புத்தி போகவில்லை. "ஒரு காச அஞ்சு தடவ சுண்டினா அஞ்சும் தலையாவே விழணும். ஏறக்குறைய அவ்வளவுதான் வாய்ப்பு. மனசத் தேத்திக்கப்பா" என்கிறார். நம்பிக்கொண்டிருக்காதே என்பதற்காகச் சொன்ன உதாரணம் அது. அவனோ சட்டைப்பையிலிருந்து காசை எடுத்துவிடுகிறான். தலை. மறுபடியும் தலை. மூன்றாவதும் தலை. பினாயில் நெடியில் காசு கிணீரென்று எழும்பிப் புறங்கையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. நான்காவதும் தலை. நிறுத்து என்று சொல்ல வேண்டிய வாத்தியாரும் குனிந்து காசையே பார்க்கிறார். ஐந்தாவது தடவை அவன் மெல்லக் கையை விலக்குகிறான். தலையேதான். "மாமா! அக்கா பொழச்சிட்டா மாமா!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கி விசும்புகிறான். உள்ளே கிடப்பவள் யாரென்று காசுக்குத் தெரியாது. நூற்றுக்கு மூன்று இன்னும் நூற்றுக்கு மூன்றுதான். வருஷாவருஷம் இதைத்தானே அவர் கரும்பலகையில் எழுதிப்போடுகிறார். சிவப்பு விளக்கு அப்படியே எரிகிறது. இன்னும் ஒரு தடவை பார்த்துவிடத் துடித்து அவன் கட்டைவிரலை மடக்குகிறான். வாத்தியார் பாய்ந்து அவன் கையைக் காசோடு சேர்த்து இறுக்கி மூடுகிறார். "போதும்ப்பா. இனிமே சுண்டாத."