இரவல் நாக்கு

விடிந்தால் பீர்ப் போட்டி. கம்பும் நார்த்தங்காய்த் தோலும் சேர்த்துத் தானே காய்ச்சிய பீர் தேறுமா என்று நப்பின்னைக்கே தெரியவில்லை. ருசி பார்த்துப் பார்த்து நாக்கு பழகிவிட்டது.

அவள் நம்பியது செபாஸ்டினின் நாக்கை. சனிக்கிழமை தவறாமல் நண்பர்கள் கூடும்போது, ஒரே மடக்கில் எந்தப் பீரின் குணத்தையும் புட்டுப்புட்டு வைப்பவன்.

"செபா, உன்ற நாக்கை இரவல் குடுடா" என்று, ருசியை நாக்குக்கு நாக்கு கடத்தும் ருசிப்பட்டையில் ஒரு பாதியை அவன் நாக்கிலும் மறுபாதியைத் தன் நாக்கிலும் ஒட்டினாள். இனி அவன் குடித்தால் அவளுக்கு ருசிக்கும்.

தயங்கித் தயங்கிக் குடித்தான்.

அவள் நாக்கில் ருசி ஒன்றுமே இல்லை!

பட்டை பழுதோ? பக்கத்தில் இருந்த நண்பன் அன்வருக்கு ஒட்டிப் பார்த்தாள். அவன் மென்றுகொண்டிருந்த மிளகாய் பஜ்ஜி அவள் நாக்கில் சுரீரென்றது.

அன்வர் நகர்ந்ததும் செபாஸ்டின் தலைகுனிந்தான். "காய்ச்சல்ல போன ருசி புள்ள. ரெண்டு வருசமாச்சு."

"அப்புறம் எப்படிடா அத்தனையும் சரியாச் சொன்னே?"

"உங்க மொகத்தப் பாத்துத்தான். கசந்தா அன்வருக்குக் காது ஆடும். புளிச்சா உனக்கு இடது கண்ணு சுருங்கும். நெசத்தச் சொன்னா பாவப்பட்டுட்டே குடிப்பீங்க."

இரண்டு வருடத்தில் ஒரு முகம்கூடத் தப்பவில்லை! நப்பின்னை மலைத்துப் போனாள். தன் ருசி அவனுக்குப் போகும்படி பட்டையைத் திசைமாற்றி ஒட்டிவிட்டு, இம்முறை அவளே குடித்தாள்.

செபாஸ்டின் கண்ணை மூடினான்.

"எப்படிடா?"

"கசப்பு ரொம்ப ஜாஸ்தி. போட்டிக்கு ஆகாது புள்ள."

போட்டி கிடக்கட்டும் என்று சிரித்தபடி, அவனுக்காக இன்னொரு மடக்கு குடித்தாள் நப்பின்னை.