அணையாத பெட்டி

"பெட்டி அணைஞ்ச அந்த நிமிசமே என் போனு அலறணும் தம்பி. அஞ்சு நிமிசம் கழிச்சு வர்ற அலாரம் எனக்கு வேணாம்."

பாண்டீஸ்வரி இப்படிச் சொன்னதும் கோபிநாத்துக்குச் சந்தேகம் தட்டியது.

அவன் காரைக்குடியில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் லைன் பார்க்கிறவன். மானகிரிப் பக்கம் முழுக்க அவன் பொறுப்பு. எந்த வீட்டு இன்டர்நெட் பெட்டி அணைந்தாலும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிவப்பாகக் காட்டும், அவன் போனுக்கு அலாரம் வரும். அந்த அலாரம் தனக்கும் வேண்டும் என்று கேட்ட முதல் வாடிக்கையாளர் இந்தப் பாண்டீஸ்வரிதான். இணைப்புக் கொடுத்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

"எங்களுக்கு வந்தாப் பத்தாதாக்கா? நாங்களே ஓடியாந்து பாத்துருவோம்ல?"

"நீங்க பாக்குறது இருக்கட்டும். எனக்கு வரணும்."

வீட்டில்தான் அவள் வீட்டுக்காரர் இருக்கிறாரே, அணைந்தால் அவர் ஒரு போன் போட்டுச் சொல்ல மாட்டாரா என்று கேட்டுப் பார்த்தான். அவர் சொல்ல மாட்டார் என்றாள். அவள் கோவிலூரில் ஒரு பலகாரக் கடையில் முறுக்குச் சுடுகிறாள். வேலை நேரத்தில் அவளைத் தொந்தரவு செய்ய அவருக்கு மனசு வராதாம்.

கோபிநாத் லேப்டாப்பைத் திறந்தான். கரண்டு கண் சிமிட்டினால்கூட அலாரம் கத்தித் தொலைக்கும் என்பதால், ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்த பிறகே செய்தி போகும்படி வைப்பது வழக்கம். பாண்டீஸ்வரிக்காக அந்த ஐந்தைப் பூஜ்யமாக்கினான். அவளோ வாய்ச்சொல்லை நம்பவில்லை. பெட்டியின் பிளக்கை மூன்று தடவை பிடுங்கச் சொல்லி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்றாவது தடவை இருபது வினாடிக்குள் போன் அலறிய பிறகுதான் அவனுக்குக் காப்பியே வந்தது.

காப்பியைக் குடித்துக்கொண்டே கோபிநாத் கணக்குப் போட்டுவிட்டான். இது ஆதாரம் சேர்க்கிற வேலை. எத்தனை தடவை அணைந்தது என்று குறித்து வைத்து, கம்பெனி முதலாளி முன்னால் நீட்டிவிட்டு வேறு கம்பெனிக்குப் போகப்போகிறாள்.

அவன் பயந்ததற்கு ஏற்றாற்போல அடுத்த இரண்டு வாரத்தில் அந்தப் பெட்டி நாலு தடவை அணைந்தது. நாலும் மின்வெட்டு. ஆனால் முதலாளி பெரியகருப்பனிடம் அந்த நியாயமெல்லாம் எடுபடாது. மானகிரியில் இன்னும் ஒரே ஒரு வாடிக்கையாளர் கழன்றுகொண்டாலும் அந்த ஏரியாவுக்கு வேறு ஆள் போடப்போவதாக அவர் நேரிடையாகவே சொல்லிவிட்டார். கோபிநாத்துக்கு ஆவணியில் கல்யாணம். வேலை போன மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

அதனால் அவன் தன் கைக்காசைப் போட்டு ஒரு சின்ன பேட்டரி வாங்கினான். அதைப் பெட்டியோடு இணைத்துவிட்டால் கரண்டு போனாலும் நாலு மணி நேரம் பெட்டி அணையாது. பெட்டி அணையாவிட்டால் அலாரம் ஏது, ஆதாரம் ஏது?

ஒரு மத்தியானம் பாண்டீஸ்வரி இல்லாத நேரமாகப் பார்த்து மானகிரிக்குப் போனான். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. பெட்டியைப் பார்க்க வந்திருப்பதாகக் குரல் கொடுத்தான். "பாருங்க தம்பி" என்று உள்ளறையிலிருந்து அவள் வீட்டுக்காரரின் குரல் வந்தது. ஐந்தே நிமிடம், வேலை முடிந்தது. தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மானகிரியில் லாரி ஒன்று மின்கம்பத்தில் மோதியது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருபத்திரண்டு பெட்டிகள் வரிசையாகச் சிவப்பாயின. ஒன்று மட்டும் பச்சையாகவே நின்றது. கோபிநாத்துக்குச் சந்தோஷத்தில் உட்கார முடியவில்லை. கோவிலூரில் வேறொரு வேலை இருந்தது. போகிற வழியில் இதை அவள் காதில் போட்டுவிட்டே போவது என்று முடிவு செய்தான்.

பாண்டீஸ்வரி கடைப் பின்கட்டில் அடுப்புக்கு முன்னால் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, இனிமே அந்த அலாரம் உங்களுக்கு வரவே வராது" என்றான்.

அவள் விளங்காமல் பார்த்தாள். பேட்டரி வைத்த கதையை அவன் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"இப்பக்கூட லாரி இடிச்சு அங்குட்டு ஒரு வீட்லயும் கரண்டு இல்ல. ஊருல எல்லாப் பெட்டியும் செத்துக் கெடக்கு. உங்க பெட்டி மட்டும் ஜம்முனு எரியுது. கம்பெனிய மாத்துற எண்ணத்த இனியாச்சும் விட்டுருங்கக்கா."

பாண்டீஸ்வரி சட்டென்று எழுந்தாள். மாவுக் கையோடு ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள்.

"கரண்டு எப்பப் போச்சு?"

"முக்கா மணி நேரம் இருக்கும். எதுக்குக்கா?"

அவள் வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். ஒன்றும் புரியாமல் அவனும் பின்னால் ஓடினான். ஸ்கூட்டரில் சாவியைச் செருகிக்கொண்டே அவள் சொன்னாள்.

"எங்க வீட்ல யாரு தம்பி நெட்டு பாக்குறா? அந்த அலாரத்துக்காகத்தான் பெட்டியே போட்டேன். அவுகளுக்கு மூச்சுக் குடுக்குற மிஷினு கரண்டுலதான் ஓடுது, அது நின்னா பத்து நிமிசத்துக்குள்ள நான் போயி சிலிண்டர மாட்டணும்."