திரும்பிப் போகாத காலடி

சளக்... சளக்... சளக்.

இருட்டி அதிக நேரம் ஆகவில்லை. பனி கரைந்த சேற்றுச் சந்தில் ரப்பர் பூட்ஸ் மேடேறி வரும் சத்தம். இன்யொங் குழந்தை நாரேயை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

சத்தம் அவள் வாசலில் வந்து நின்றது. அவ்வளவுதான். வந்த காலடி திரும்பிப் போகவில்லை.

கொஞ்ச நாளாக ராத்திரிதோறும் இதே கதை.

அவள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் என்று தனியாக எதுவும் கிடையாது. உள்பக்கம் இரண்டு இரும்பு வளையங்கள். அவற்றில் ஒரு ஸ்பூனைச் செருகிவிட்டால் அதுதான் தாழ். அவள் செருகுவது கணவன் சாப்பிடும் ஸ்பூனை. அவன் ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் இருந்தான், கோடையில்தான் வருவான்.

அவன் கப்பலேறிய வாரமே யாரோ அந்தக் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தார்கள். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அதைச் சொல்லி அழுதாள்.

"எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க."

பாங் மூப்பர் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். முக்ஹோ துறைமுகத்துச் சபையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஏதாவது வழி சொல்வார் என்று பார்த்தாள்.

"ஆகட்டும்மா, ஜெபம் பண்றேன்" என்றார். எழுந்து போய்விட்டார்.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு கும்ரே அக்கா உதட்டைச் சுழித்தாள். "காசா பணமா, ஜெபம்தானே. கணப்பு மூட்டின வீட்டுல, சூடான தரையில உக்காந்துக்கிட்டு நல்லாவே பண்ணுவாரு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மூப்பர் தும்மித் தும்மியே ஜெபத்தை முடித்தார்.

"பாரு, உக்காந்த இடத்துலயே சளி பிடிச்சிருக்கு" என்று அக்கா காதைக் கடித்தாள்.

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற பேச்சு. இன்று மதியம், காய்கிற கணவாய் மீன்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அக்கா கேட்டது அப்படியில்லை.

"ஏம்மா நாரே அம்மா, உன் வீட்டுக்காரர் எப்ப வந்தாரு? சொல்லவே இல்லையே."

"யாரும் வரலையே அக்கா."

"ராத்திரி தண்ணி கொட்ட வந்தேன். உன் வாசல்ல இத்தாம் பெரிய பூட்ஸ். முந்தாநாளும் இருந்துச்சு. விடிஞ்சா காணோம்." அக்கா கண்ணைச் சிமிட்டினாள். "முக்ஹோவுல புருஷன் இல்லாம இருந்துடலாம், பூட்ஸ் இல்லாம இருக்க முடியாதும்பாங்க. நீ சாமர்த்தியக்காரி."

பயத்தில் விடியும்வரை கதவையே திறக்காதவள் இன்யொங். வாசலில் பூட்ஸ் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் இந்தப் பேச்சு மேட்டை விட்டு இறங்கி மாமியார் காதில் விழ எவ்வளவு நேரமாகும்?

இப்போது வாசலில் அந்தச் சத்தம் நின்றதும் பயத்தைக் கோபம் தின்றுவிட்டது. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டாள். துணி அடிக்கும் கட்டையைக் கையில் எடுத்தாள். ஸ்பூனை உருவிவிட்டுக் கதவைப் படாரென்று திறந்தாள்.

வாசற்படியில் ஒரு ஜோடி பூட்ஸ். சேறு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

சந்து வளைவில் ஒரு ஆள் வெறும் காலுறையோடு, பூனை மாதிரி நுனிக்காலில் போய்க்கொண்டிருந்தான். கக்கத்தில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு.

ஆள் திரும்பினான். பாங் மூப்பர்.

"நீங்களா?" அவள் கட்டையை ஓங்கினாள். "மூப்பரா இருந்துக்கிட்டு..."

"மெதுவாம்மா, பிள்ளை முழிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு அவரே பெரிதாகத் தும்மினார்.

"என் வாசல்ல உங்க பூட்ஸுக்கு என்ன வேலை?"

"உள்ளே ஆம்பளை இருக்கான்னு போறவன் வர்றவன் நினைக்கட்டுமேன்னுதான்."

கட்டை இறங்கவில்லை. "அப்படின்னா ஒரு பழைய ஜோடியைக் குடுத்திருக்கலாமே. நானே வச்சிருப்பேனே."

"ஒரே இடத்துல கிடக்கிற பூட்ஸ் திருட்டுப்பயலை ஏமாத்துமா? பூட்ஸ்னா சாயங்காலம் சேத்தோட வரணும், காலையில வேலைக்குப் போகணும். வந்த காலடி வீட்டுக்குள்ளேயே போயிட்ட மாதிரி கேக்கணும். விடியற்கால ஜெபத்துக்குப் போறப்ப வந்து எடுத்துக்குவேன்."

"அதுவரைக்கும் நீங்க?"

"வீட்டுக்காரி செருப்பு இருக்கே." கக்கத்தைக் காட்டினார். "விரல் மட்டும்தான் நுழையுது. சந்து திரும்பினப்புறம் மாட்டிக்குவேன், சத்தம் கேட்டுடக் கூடாதுல்ல."

கட்டை தானாக இறங்கியது. "ஐயா, அந்தத் திரும்பாத காலடியைக் கேட்டுத்தான் நான் தினமும் செத்துப் பிழைக்கிறேன்."

மூப்பர் தலையில் அடித்துக்கொண்டார். "அட கர்த்தாவே. திருடனைப் பயமுறுத்த வந்து உன்னையில்ல பயமுறுத்தியிருக்கேன்."

இன்யொங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கும்ரே அக்கா வேற என்னென்னவோ பேசுறாங்க."

"அடடா, அது என் புத்திக்கு எட்டலையே. நாளைக்கு என் வீட்டுக்காரியை அனுப்புறேன். அந்த வாய்க்கு ஈடு குடுக்க இந்த ஊர்ல அவ ஒருத்திதான்."

"அன்னிக்குக் கூட்டத்துலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் ஐயா."

"நீ ஜெபம்தானே பண்ணச் சொன்னே?" விறைத்த கால்களை மாற்றி மாற்றி ஊன்றினார். "அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன். உள்ளே போய்த் தாழ் போடு. சத்தம் கேட்டாத்தான் இறங்குவேன்."

தினமும் பயத்தில் இரண்டு மூன்று தடவை தவறுகிற ஸ்பூன், 'பாவம், மனுஷன் சேற்றில் காலுறையோடு நிற்கிறாரே' என்ற அவசரத்தில் இன்று ஒரே செருகலில், சந்து முனைவரை கேட்கும்படி, 'ணங்'கென்று வளையத்துக்குள் போய் உட்கார்ந்தது.